திருப்புவனம் பக்கத்துச் சேம்பர் செங்கல்: வாங்கலாமா?

மதுரை பக்கத்துச் சிலைமானில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுப்பதற்காகத் திருப்புவனம் தாண்டி ஒரு சேம்பரில், அதாவது அறை அறையாக எரியும் செங்கல் சூளையில், செங்கல் வாங்கினேன். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் போனில் ரேட் பேசி, "அனுப்பிவிடுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு வந்து இறங்குவது வேறு கல்லாக இருக்கும். மண் ஒன்று, அச்சு ஒன்று, சூளையும் ஒன்றுதான். சூளைக்குள் எந்த இடத்தில் அடுக்கி வெந்தது என்பதைப் பொறுத்துத் தரம் மாறுகிறது. நேரில் போய் நின்று ஏற்றுகிறவருக்கு முதல் தரம் கிடைக்கிறது. போகாதவருக்கு எது மீதியோ அது.

கல்லில் குத்தியிருக்கும் மூன்றெழுத்தை, அதாவது சேம்பரின் அடையாளத்தை, இங்கே போடவில்லை. ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன். எனக்கு அங்கே உண்மையைச் சொன்னவர்கள் எல்லாம் மாதச் சம்பளத்துக்கும் வாரக்கூலிக்கும் இருப்பவர்கள், அவர்களுக்குத் தொல்லை வரக்கூடாது. மதுரையிலிருந்து ராமநாதபுரம் போகும் சாலையில் மானாமதுரை வரைக்கும் இந்தத் தொழில் பரவிக் கிடக்கிறது. வைகை கொண்டுவந்து போட்ட வண்டலும் கண்மாய் மண்ணும்தான் காரணம். மானாமதுரையில் கடம் செய்கிறார்கள், பானை செய்கிறார்கள், செங்கலும் அறுக்கிறார்கள். கீழடி இதே திருப்புவனம் தாலுகாதான். 2023-ல் திறந்த அங்குள்ள அருங்காட்சியகத்துக்குப் போனால், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய செங்கல் கட்டுமானத்தைப் பற்றிப் படித்துவிட்டு வெளியே வந்து சூளைப் புகைபோக்கியைப் பார்க்கலாம். அந்தக் காலத்துக் கல் இன்றைய கல்லைவிட நீளம், அகலம், ஆனால் தட்டை. தட்டையாக இருந்தால் உள்வரைக்கும் வேகும். விஷயம் தெரிந்தவர்கள்.

சேம்பரின் மேனேஜர் சரளமாகப் பேசுகிறவர். "எங்க கல்லு மணி மாதிரி அடிக்கும் மேடம்" என்று இரண்டு கல்லை எடுத்துத் தட்டிக் காட்டினார். அடித்தது. விற்கிறவர் கையில் எடுத்துத் தட்டும் கல் எப்போதும் அடிக்கும். நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டு மண் மேட்டுக்குப் போய்விட்டேன். முப்பது வருஷம் தொலைபேசி இலாகாவில் புகார் எழுதி வாங்கியவள் நான். கோளாறு எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

மண் இரண்டு வகையாகக் கொட்டிக் கிடந்தது. ஒன்று கருத்த களிமண், இன்னொன்று மணல் கலந்த செம்மண். வெறும் களிமண்ணில் அறுத்தால் காயும்போது சுருங்கி வெடித்துவிடும். மணல் அதிகமானால் கல் பிடிப்பில்லாமல் ஓரம் உதிரும். இரண்டையும் கலந்து, தண்ணீர் விட்டு, ஒரு ராத்திரியாவது ஊறப்போட்டுத்தான் அரவை மிஷினில் விடுகிறார்கள். கலவை விகிதத்தை மேனேஜர் சொல்லவில்லை, கேட்டதற்குச் சிரித்தார். நான் முக்கியமாகத் தேடியது சுக்கான் கல். வெள்ளை வெள்ளையாக மண்ணில் கிடக்கும் அந்தச் சுண்ணாம்புக் கட்டி சூளையில் வெந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். அப்புறம் கல் ஈரம் பட்டதும் அது தண்ணீரை இழுத்து ஊதும். மேலே இருக்கும் செங்கல்லைப் பெயர்த்துத் தள்ளும். சுவரைப் பூசி, பெயின்ட் அடித்து, ஆறு மாதம் கழித்து அங்கங்கே அம்மைத் தழும்பாகப் பொரிந்தால் பாதி நேரம் இதுதான் காரணம். திட்டு வாங்குவது பெயின்டர். இந்தச் சேம்பரில் மண்ணைச் சலித்துத்தான் போடுகிறார்கள். சல்லடையில் தங்கிய கட்டிகள் ஓரத்தில் குவிந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. இதற்கு முழு மதிப்பெண்.

கல் அறுப்பது இன்னும் கையால்தான். மிஷின் மண்ணைக் குழைத்துத் தள்ளுகிறது, அதை உருண்டையாகப் பிடித்து, மணல் தூவிய அச்சில் ஓங்கி அறைகிறார்கள். மெதுவாக வைத்தால் மூலைக்குள் மண் போகாது, கல்லுக்கு முனை கிடைக்காது. மேலே வழிந்ததைச் சட்டத்தால் வழித்துவிட்டு, பலகையில் கவிழ்த்தால் பச்சைக்கல். நடுவில் அந்த மூன்றெழுத்துப் பள்ளம். விளம்பரம் மட்டுமில்லை அது. பள்ளம் இருந்தால் கல் நடுவரைக்கும் சுலபமாகக் காயும், வேகும். கட்டும்போது கலவை அதில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் எங்கள் மேஸ்திரி எழுத்து மேலே பார்க்க வைத்துக் கட்டுகிறார். எழுத்தைக் கீழே கவிழ்த்து வைக்கும் ஆளைக் கண்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

பச்சைக்கல்லை ஒன்று எடுத்துப் பார்த்தேன். வெந்த கல்லைவிட விரலளவுக்கு நீளம் அதிகம். காயும்போதும் வேகும்போதும் சுருங்கும் என்று கணக்குப் போட்டு அச்சையே பெரிதாகச் செய்கிறார்கள். மண் கலவை ஒருநாள் மாறினால் சுருக்கமும் மாறும், கல்லின் அளவும் மாறும். வந்த கல்லை நான் அளந்தது இதனால்தான். ஐ.எஸ். 1077 என்ற இந்தியத் தர விதி, ஒரு கல்லை அளக்காதே, இருபது கல்லை வரிசையாக நெருக்கி வைத்து மொத்தத்தை அள என்கிறது. நல்ல யோசனை. ஒன்பது அங்குலக் கல் இருபது வைத்தால் 15 அடி வரணும். முதல் லோடில் 14 அடி பத்தரை அங்குலம் வந்தது. இருபது கல்லுக்கு ஒன்றரை அங்குலம் குறைவு, பரவாயில்லை. முன்பு பக்கத்து மனையில் இறங்கிய நாட்டுக்கல்லில், அதாவது கிராமத்துக் காளவாசலில் சுட்ட கல்லில், ஒன்றுக்கொன்று கால் அங்குலம் ஏறியும் இறங்கியும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கல் ஒரே அளவாக இருந்தால் பூச்சு அரை அங்குலத்தில் முடியும். கோணல்மாணலாக இருந்தால் முக்கால், ஒன்று என்று சிமென்ட் குடிக்கும். கல்லில் மிச்சம் பிடித்த காசு பூச்சில் போய்விடும்.

பச்சைக்கல்லை முதலில் கொட்டகை நிழலில் ஆறப்போடுகிறார்கள். உடனே வெயிலில் வைத்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், வெடிப்பு விழும். நிழலில் இறுகின பிறகு காற்றோட்டம் விட்டு அடுக்கி, ஒரு வாரம் பத்து நாள். மழைக்காலத்தில் இது இரண்டு மடங்காகும்.

சரி, இப்போது சேம்பர். காளவாசல் என்று நாம் கிராமத்தில் பார்ப்பது கல்லையும் விறகையும் சேர்த்து அடுக்கி, வெளியே மண் பூசி, ஒரே தடவையாக எரித்து, ஆறவிட்டுப் பிரிப்பது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சூடேற்றணும். வெளிவரிசைக் கல் வேகாது, நடுவில் இருப்பது சில சமயம் உருகி ஒட்டிக்கொள்ளும். சேம்பர் வேறு ஏற்பாடு. பிரீட்ரிக் ஹாஃப்மன் என்ற ஜெர்மானியர் 1858-ல் காப்புரிமை வாங்கிய முறை. நீள்வட்டமாக ஒரு சுரங்கம், மேலே வளைவுக் கூரை, பக்கத்தில் வரிசையாக வாசல்கள், நடுவில் புகைபோக்கி. கல் அசையாது. கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல நெருப்புதான் அறை அறையாகச் சுற்றி வருகிறது. சீசன் முழுக்க அணைவதே இல்லை.

இதில் இருக்கும் சிக்கனத்தை நேரில் பார்த்தால்தான் ரசிக்க முடியும். நெருப்பு ஒரு அறையில் இருக்கும்போது, அதற்குப் பின்னால் ஏற்கனவே வெந்த கல் ஆறிக்கொண்டிருக்கிறது. வெளிக்காற்று அந்தச் சூடான கல்லைத் தாண்டித்தான் நெருப்புக்கு வருகிறது, அதனால் வரும்போதே கொதித்துக்கொண்டு வருகிறது. நெருப்பைத் தாண்டிப் போகும் புகை, முன்னால் அடுக்கியிருக்கும் பச்சைக்கல்லைக் காயவைத்துக்கொண்டே புகைபோக்கிக்குப் போகிறது. போகிற சூடும் வேலை செய்கிறது, வருகிற காற்றும் சும்மா வரவில்லை. காளவாசலைவிட விறகு எவ்வளவோ குறையும். புதிதாக அடுக்கிய அறைக்கும் அடுத்ததற்கும் நடுவே காகிதத் திரை ஒட்டுகிறார்கள், காற்று குறுக்கே புகாமல் இருக்க. நெருப்பு கிட்டே வந்ததும் அது தானே எரிந்து வழிவிடும்.

கூரைமேல் ஏறிப் பார்க்க மேனேஜர் முதலில் விடவில்லை. நெருப்பு போடும் பெரியவர்தான், "செருப்பைக் கழட்டாம வா தாயி, கால் பொரிஞ்சிரும்" என்று கூட்டிப்போனார். மேலே முழத்துக்கு ஒன்றாக இரும்பு மூடிகள். கம்பியால் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். கீழே கல்லின் இடுக்கெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தெரிகிறது, எரிகிற தீ என்று தனியாக ஒன்றும் தெரியவில்லை, கல்லே ஒளி விடுகிறது. சீமைக்கருவேலத் துண்டை உள்ளே போட்டார், விழும் முன்பே பற்றியது. அங்கே தெர்மாமீட்டர் ஒன்றும் கிடையாது. நிறத்தைப் பார்த்துத்தான் சூடு சொல்கிறார். மங்கின சிவப்பு போதாது, ஆரஞ்சு வரணும், வெளுத்தால் கல் உருகும். தொள்ளாயிரம், ஆயிரம் டிகிரிக்கு நடுவே நிறுத்தவேண்டிய விஷயம் ஒருவர் கண்ணில் நிற்கிறது.

அவரிடம்தான் கேட்டேன்: எந்த இடத்துக் கல் நல்ல கல்? யோசிக்காமல் சொன்னார். வாசல் ஓரம் அடுக்கினது, தரையோடு இருக்கும் வரிசை, இரண்டிலும் சூடு குறைவு. மூடிக்கு நேர் கீழே இருப்பது சில சமயம் கருகும். "நடுவுல, இடுப்பு ஒசரத்துக்கு மேல இருக்குற கல்ல கேளு" என்றார். கீழே இறங்கி மேனேஜரிடம் அப்படியே கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கணும். ஆனாலும் முதல் இரண்டு லோடு நான் நின்றபடியே அந்த வரிசைகளிலிருந்துதான் ஏறியது.

அந்தக் கல்லைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. அடர்ந்த சிவப்பு, நகத்தால் கீறினால் தடம் விழவில்லை, இடுப்பளவு உயரத்திலிருந்து தரையில் போட்டபோது முனை மட்டும் சிதறியது. ஒன்றை உடைத்துப் பார்த்தேன், உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறம். நாட்டுக்கல்லை உடைத்தால் நடுவில் கருப்புத் திட்டு தெரியும். உள்ளே இருக்கும் கரிப்பொருள் எரிந்து முடிவதற்குள் நெருப்பு நின்றுவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் சோதனையும் செய்தேன். நன்றாக வெயிலில் காய்ந்த கல் 2 கிலோ 900 கிராம். ஒரு நாள் முழுக்கத் தொட்டியில் முக்கிவைத்து, துடைத்து நிறுத்தால் 3 கிலோ 300. குடித்தது 400 கிராம், அதாவது கிட்டத்தட்ட 14 சதவீதம். சாதாரணக் கல்லுக்கு விதி 20 சதவீதம் வரை விடுகிறது. லேபில் அடுப்பில் உலர்த்தி எடுப்பார்கள், நான் செய்தது மளிகைக்கடைத் தராசில். ஒரு வீட்டுக்காரிக்கு இது போதும்.

மூன்றாவது லோடுதான் தகராறு. ஐப்பசி அடைமழை. மகள் பிரசவத்துக்கு வந்திருந்ததால் நான் போகவில்லை, மேஸ்திரிக்கும் வேலை. லாரி சாயங்காலம் வந்து இருட்டில் இறங்கியது. காலையில் பார்த்தால், வெளி வரிசை நல்ல சிவப்பு. அதை எடுத்தால் உள்ளே வெளிறின ஆரஞ்சு. தட்டினால் சத்தமே இல்லை. அதே தராசில் வைத்தேன்: காய்ந்தது 2 கிலோ 700, நனைந்தது 3 கிலோ 300. 22 சதவீதம். இந்தக் கல் மழைச் சுவரில் போனால் உள்பக்கம் ஓதம் அடிக்கும், உப்புப் பூக்கும். மேஸ்திரி ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் அழுத்தி ஓரத்தைப் பிய்த்துக் காட்டிவிட்டு, "இதை வச்சு நான் கட்டமாட்டேங்க்கா" என்று கரண்டியைக் கழுவி வைத்துவிட்டார்.

போன் செய்தால் மேனேஜர், "அதெல்லாம் பூச்சுல மறைஞ்சிடும் மேடம்" என்கிறார். மறையும், எனக்கும் தெரியும். அதற்குத்தானா நான் கண்மாய் மண் மேட்டில் சுற்றினேன்? பிரித்து அடுக்கியதில் தேறாதது எழுநூறு சொச்சம். போட்டோ, தராசில் வைத்த படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு வாரம் இழுத்தார்கள். கடைசியில் முதலாளியே பேசினார்; மழையில் விறகு நனைந்து அந்தச் சுற்றில் சூடு ஏறவில்லை, கல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்றார். எடுத்துக்கொண்டார்கள், அடுத்த லோடில் மாற்றிக் கொடுத்தார்கள். ஏற்றுக்கூலி யார் தலையில் என்பதில் மறுபடி இழுபறி, பாதிப் பாதி. திருப்பி எடுத்ததற்கு அவர்களைப் பாராட்டணும், பல சூளைகளில் லாரி கேட்டைத் தாண்டினால் முடிந்தது கதை. ஆனால் அந்தக் கல்லை நல்ல கல்லுக்குப் பின்னால் மறைத்து அடுக்கியது மழை இல்லையே.

விலை: நான் வாங்கியபோது வீட்டில் இறக்கி, கல் ஒன்று பத்தரை ரூபாய், லோடுக்கு 3,000 கல். நாட்டுக்கல் இதைவிட இரண்டு ரூபாய் குறைவாகக் கிடைத்தது. ஒன்பது அங்குலச் சுவருக்குச் சதுர அடிக்கு ஏறக்குறைய ஒன்பது கல் ஆகும் என்று வைத்தால் வித்தியாசம் சதுர அடிக்குப் பதினெட்டு ரூபாய். பூச்சிலும் உடைசலிலும் அது திரும்பி வருகிறது என்பது என் கணக்கு. எங்களுக்கு லோடுக்கு முப்பது நாற்பது கல்தான் உடைந்தது. கண்மாயில் மண் எடுக்க அனுமதி நிற்கும் போதெல்லாம் ரேட் ஏறும் என்று முதலாளியே சொன்னார். அது ஏறட்டும். அனுமதி இல்லாமல் செம்மண் தோண்டியதற்காகக் கோவை தடாகம் பள்ளத்தாக்கில் 2021-ல் சூளைகளை மொத்தமாக மூடினார்களே, அந்தப் படங்களில் இருக்கும் பள்ளங்களைப் பார்த்தவர்கள் ஐம்பது பைசாவுக்குச் சண்டை போடமாட்டார்கள்.

பிளை ஆஷ் கல், அதாவது சாம்பல் கல், வாங்கியிருக்கலாமே என்று என் தம்பி கேட்டான். மண் மிச்சம், அளவு துல்லியம், நெருப்பே வேண்டாம். அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் ஒரு வழி. எல்லாம் சரிதான். எங்கள் கீழ்த்தளம் செங்கல், மேஸ்திரிக்குப் பழகினது செங்கல், மேல்தளத்தில் வேறு கல் வைத்தால் பூச்சு சேருமிடத்தில் வெடிப்பு வரும் என்று அவர் பயந்தார். புதிதாக முழு வீடு கட்டுகிறவர்கள் அதையும் விலை கேளுங்கள்.

இன்னொன்று. அங்கே கல் அறுப்பவர்கள் புருஷன் பெஞ்சாதி ஜோடியாக வேலை செய்கிறார்கள், ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. சீசன் ஆரம்பத்தில் முன்பணம் வாங்கி, அறுத்துக் கழிக்கிறார்கள். மழை வந்து பச்சைக்கல் கரைந்தால் அந்தக் கல் கணக்கில் வருமா என்று கேட்டேன். ஒரு பெண் மேனேஜர் இருந்த பக்கம் பார்த்துவிட்டு, "பாதி வரும்க்கா" என்றாள். பத்தரை ரூபாயில் அவளுக்குப் போவது எவ்வளவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிக்குப் போகிறார்கள், பைகள் கொட்டகையில் தொங்கின. ஆனால் கழிப்பறை என்று காட்டியது நான்கு தகரம். தரமான கல் விற்கும் இடத்தில் அதற்கு மட்டும் கல் இல்லாமல் போய்விட்டது. இதற்கு நான் பாதி மதிப்பெண்கூடத் தரமாட்டேன்.

போகிறவர்களுக்கு: காலையில் போங்கள், அன்றைக்குப் பிரிக்கிற அறையை வாசலில் நின்று பாருங்கள், கையில் பிடிக்க முடியாத சூட்டில் இருக்கும் கல்லை ஏற்ற விடாதீர்கள். அவசரமாக ஆறவைத்த கல்லில் மயிரிழை வெடிப்பு இருக்கும், தண்ணீர் தெளித்தால் தெரியும். சீட்டில் "வேகாத கல் திருப்பி எடுக்கப்படும்" என்று எழுதி வாங்குங்கள், எழுதித் தருகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம்.

எனக்குக் காம்பவுண்டுக்கு இன்னும் ஒரு லோடு வேண்டும். தை கழித்து அங்கேயேதான் எடுக்கப் போகிறேன், இரண்டாயிரம் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. ரேட் பதினொன்று ஆகியிருக்கிறது.